தச்சுப் பட்டறைக்கு மின்கருவி: நாகர்கோவிலில் வாங்குவதா, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வாங்குவதா?

கேள்வி: 2025 ஜூன் 6

களியக்காவிளைக்குப் பக்கத்தில் சொந்தமாகத் தச்சுப் பட்டறை தொடங்கியிருக்கிறேன். இதுவரை இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு வேலை பார்த்தேன். பெரும்பாலும் நிலை, கதவு, ஜன்னல். இடையிடையே கட்டில், அலமாரி. வட்ட ரம்பம், மரம் சீவும் பிளேனர், பள்ளம் எடுக்கும் ரூட்டர், துளை போடும் டிரில் நான்கையும் ஒரே தடவையாக வாங்கிவிட நினைக்கிறேன். கையில் இருக்கும் பணத்துக்கு நான்கும் நடுத்தரமாகக் கிடைக்கும். நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம் நகரில் 'சாலை' என்கிற கடைத்தெருவில் விலை குறைவு என்கிறார்கள். எந்தக் கம்பெனி நல்லது? அனுபவப்பட்ட அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 6, இரவு

தம்பி, நான்கையும் நடுத்தரமாக வாங்காதீர்கள். ஒன்றை நல்லதாக வாங்குங்கள். மற்றவற்றை அந்த ஒன்று சம்பாதித்துக் கொடுக்கட்டும்.

எந்த ஒன்று என்பதை உங்கள் ஆர்டர் நோட்டே சொல்லும். நிலையும் கதவும்தான் அதிகம் என்றால் பொழுது எங்கே போகிறது என்று பாருங்கள். மில்லில் அறுத்து வாங்கிய அயினி மரச் சட்டத்தைச் சீவ வேண்டும், மட்டம் பார்க்க வேண்டும், திருப்பிப் போட்டு மறுபடி சீவ வேண்டும். ஆள்கூலி கரைவது அங்கேதான். எனவே முதலில் பிளேனர், அடுத்தது ரம்பம். ரூட்டர் பிறகு. டிரில் எங்காவது இரவல் கிடைக்கும்.

கம்பெனியைப் பற்றி: எந்தக் கம்பெனியின் மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மேச்சரும் அதைச் சுற்றி நிற்கும் பீல்டு காயிலும் உங்கள் பட்டறையிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்புகிற தூரத்தில் ஒரிஜினலாகக் கிடைக்கிறதோ, அந்தக் கம்பெனி நல்ல கம்பெனி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஜூன் 7

நேற்று சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். "சர்வீஸ் உண்டா?" என்று விற்பனைக் கடையில் கேட்டால் உண்டு என்றுதான் சொல்வார்கள். நீங்கள் நேராகப் பழுதுபார்க்கும் இடத்துக்குப் போங்கள். வாங்க நினைக்கிற மாடலின் எண்ணைச் சொல்லி, அதற்கு ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ், சுவிட்ச், பேரிங், ஆர்மேச்சர் நான்கும் கையிருப்பில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பிரஷ்ஷும் பேரிங்கும் எங்கும் கிடைக்கும். ஆர்மேச்சர் என்றதும் "சொல்லிவிட்டுத்தான் வரவழைக்க வேண்டும்" என்றால், எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். வீட்டுக்காரர் பால்காய்ச்சத் தேதி குறித்துவிட்ட பிறகு உங்கள் பிளேனர் அங்கே கிடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு பதிலைக் கேளுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். அங்கே மேசைமேல் பிரித்துப் போட்டிருக்கும் கருவிகளைக் கவனியுங்கள். ஒரே மாடல் பல கிடந்தால் அது அதிகம் விற்கிற மாடலாக இருக்கலாம், அதிகம் எரிகிற மாடலாகவும் இருக்கலாம். மெக்கானிக்கிடம் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார். விற்பவரைவிடப் பிரித்துப் பார்ப்பவரை நான் எப்போதும் நம்புவேன்.

மகிட்டா கம்பெனியே 1915-இல் நகோயாவில் மோட்டார் விற்பனைக்கும் பழுதுபார்ப்புக்குமான கடையாகத் தொடங்கியதுதான். 1958-இல் ஜப்பானில் முதன்முதலாக மின் பிளேனர் செய்து விற்றவர்களும் அவர்களே. விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை. பழுதுபார்த்த கை செய்த கருவியைப் பிரிப்பதும் பூட்டுவதும் எளிதாக இருக்கும் என்பது என் எண்ணம்.

ஜூன் 9

"பாஷ் கருவியில் பச்சை நிறம் விலை குறைவாக இருக்கிறது, அதை வாங்கலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பச்சை வீட்டு உபயோகத்துக்கு, நீலம் தொழிலுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒரு பலகையில் துளை போடுகிறவருக்குப் பச்சை போதும். காலையிலிருந்து மாலை வரை ஓடும் பட்டறைக்கு நீலம்தான்.

ரம்பம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதைக் கேட்காமலே நிறையப் பேர் வாங்குகிறார்கள். ஏழங்குல ரம்பத்தில் 184 மில்லிமீட்டர் பிளேடு ஏறும். அது வெட்டும் ஆழம் 65 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். நம் ஊர் நிலைச்சட்டம் மூன்றங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர். ஒரே ஓட்டத்தில் வெட்டு மறுபக்கம் வராது. சட்டத்தைப் புரட்டிப் போட்டு மறுபடி அறுக்க வேண்டும். இரண்டு வெட்டும் ஒரே கோட்டில் சேராவிட்டால் நடுவில் ஒரு படி நிற்கும், அதை உளியால் எடுக்க வேண்டும். நிலைதான் உங்கள் முக்கிய வேலை என்றால் 235 மில்லிமீட்டர் பிளேடு ஏறுகிற ரம்பம் பாருங்கள். எடை கூடும், விலையும் கூடும். வெட்டு ஒரே ஓட்டத்தில் முடியும்.

கடையில் ரம்பத்தைக் கையில் எடுத்ததும் அடித்தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். தகட்டை அழுத்திச் செய்த தட்டா, வார்ப்பா? தகடு ஒருமுறை கைதவறி விழுந்தாலே வளைந்துவிடும், அதற்குப் பிறகு மூலைமட்டத்துக்கு நிற்காது. நான் கடைக்குப் போகும்போது சின்ன மூலைமட்டம் ஒன்றைப் பையில் கொண்டுபோவேன். கடைக்காரர்கள் முகம் சுளித்தாலும் வைத்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.

ஜூன் 12

இன்று வந்த ஒரு பதிவு: "எதற்கு இவ்வளவு செலவு? நாலங்குல கிரைண்டரில் மர பிளேடு மாட்டினால் எல்லாம் அறுக்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்."

ஐயா, தயவுசெய்து இதை இன்னொருவருக்குச் சொல்லாதீர்கள். நாலங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும். ஏழங்குல ரம்பம் ஐயாயிரத்துச் சொச்சம்தான். கிரைண்டர் கல்லும் இரும்பும் தேய்க்கச் செய்த கருவி. அதில் மரத்தின்மேல் உட்காரும் அடித்தட்டு கிடையாது, வெட்டின வாயைப் பிரித்துப் பிடிக்கும் கத்தி கிடையாது. பல் வைத்த பிளேடு உள்ளே போனதும் மரம் வாயை மூடி பிளேடைப் பிடிக்கும். பிடித்த நொடியில் கிரைண்டர் உங்கள் பக்கம் எகிறும். அது எகிறுகிற வேகத்துக்குக் கை பின்வாங்காது. பெரும்பாலானவர்கள் பிளேடு இடிக்கிறது என்று மூடியையும் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள்.

குலசேகரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் ஆசாரிக்கு இடது கை நடுவிரலும் மோதிர விரலும் மடங்குவதில்லை. நரம்பு போய்விட்டது. கடைசல் வேலையில் அவரைப் போலக் கைநேர்த்தி உள்ளவர் இந்தப் பகுதியில் கிடையாது. இப்போது அவர் மேற்பார்வை மட்டும் பார்க்கிறார். கல்லறுக்கிற மார்பிள் கட்டரை மரத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். அதற்கு அடித்தட்டு இருக்கிறது என்று வாதம் வரும். அடித்தட்டு இருந்தாலும் அதன் வேகம் கல்லுக்கு வைத்த வேகம். மரத்தைக் கருக்கும், பிடித்துக்கொண்டால் எகிறும்.

உங்கள் பட்டறையில் கூலிக்கு நிற்கும் பையனிடம் அதைக் கொடுத்து அறுக்கச் சொன்னால், அவன் விரலுக்குப் பொறுப்பு நீங்கள்தான்.

ஜூன் 13

மேலே எழுதியதற்குக் கோபித்துக்கொண்டவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். அதில் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன்.

ஜூன் 15

இனி தம்பி கேட்ட எல்லை விவகாரம். சாலைக் கடைத்தெருவில் விலை குறைவுதானா? சில கருவிகளில் குறைவுதான். அங்கே கடைகளும் அதிகம், மாடல்களும் அதிகம். 1956 நவம்பர் 1-இல் நம் பகுதி சென்னை மாநிலத்தோடு சேரும் வரை குமரியின் விளவங்கோடும் கல்குளமும் திருவனந்தபுரமும் முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலுமாக ஒன்றாகவே இருந்தன. உளியும் அரமும் வாங்க நம் பெரியவர்கள் அங்கேதான் போனார்கள். இன்றைக்கும் பலருக்கு அங்கே பழகின கடை உண்டு, சொந்தக்காரர் கடையும் உண்டு. ஆனால் பில்லில் எல்லை இருக்கிறது.

மின்கருவிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 11,800 ரூபாய்க்கு ஒரு பிளேனர் வாங்கினால் அதில் 1,800 ரூபாய் வரி. நீங்கள் தமிழ்நாட்டில் முறையாக ஜி.எஸ்.டி. பதிவு செய்து, மாதக் கணக்கோ காலாண்டுக் கணக்கோ தாக்கல் செய்பவராக இருந்தால் அந்த 1,800 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்குக் கேரளக் கடைக்காரர் உங்கள் தமிழ்நாட்டு எண்ணைப் போட்டு, உங்கள் பட்டறை முகவரிக்கு, ஐ.ஜி.எஸ்.டி., அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி, காட்டிப் பில் தர வேண்டும். கவுண்டரில் நின்று பெயர் மட்டும் சொல்லி வாங்கினால் மத்திய ஜி.எஸ்.டி. 9, கேரள மாநில ஜி.எஸ்.டி. 9 என்று பில் வரும். அந்த வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில் வரவு எடுக்க முடியாது. கடைக்காரர் 700 ரூபாய் குறைத்துக் கொடுத்தார் என்ற மகிழ்ச்சியில் 1,800 ரூபாய் போய்விடும்.

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ எண்ணைப் போட்டு வாங்கினால் இந்தச் சிக்கல் கிடையாது.

பதிவு செய்யாதவருக்கும், விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கும் வரவு எடுக்கும் வழியே இல்லை. அவர்கள் எங்கே விலை குறைவோ அங்கே வாங்கலாம். பில் மட்டும் கட்டாயம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி கிடையாது. பில்லில் கருவியின் வரிசை எண் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

ஜூன் 16

ஒரு சேர்க்கை. மொத்தச் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் எல்லை தாண்ட இ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு வேண்டும். கையில் பிடிக்கிற கருவி ஒன்றிரண்டுக்கு அந்தத் தொகை வராது. மேசை ரம்பமும் பெரிய இழைப்பு எந்திரமும் சேர்த்து டெம்போவில் ஏற்றுகிறவர்கள் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லி எடுத்துவிடுங்கள்.

ஜூன் 20

மழை பிடித்துக்கொண்டது. இங்கே நேற்று மாலையெல்லாம் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. அதனால் யாரும் கேட்காத ஒரு விஷயத்தை எழுதுகிறேன்.

கருவி எரிந்துவிட்டது என்று கொண்டுவருகிறவர்களில் பலருடைய கருவியில் குற்றம் இருப்பதில்லை. கம்பியில்தான் குற்றம். 1400 வாட் ரம்பம் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். முடிச்சில் மாட்டித் திணறும்போது இன்னும் கூடும். அதை மின்விசிறிக்குப் போடும் மெல்லிய ஒயரில், தென்னந்தோப்பு தாண்டி இழுத்து ஓட்டுகிறார்கள். கருவிக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தம் குறைகிறது, சுற்று குறைகிறது, சுற்றோடு சேர்ந்து உள்ளே இருக்கும் விசிறியின் காற்றும் குறைகிறது. அறுபடவில்லையே என்று ஆள் இன்னும் அழுத்துகிறார். ஆர்மேச்சரின் வார்னிஷ் சூடேறி ஒரு நெடி வரும். அந்த நெடி வந்த பிறகு நிறுத்திப் பெரிய பயன் இல்லை.

2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 16 ஆம்பியர் பிளக், சுருளை முழுதாக அவிழ்த்துப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். சுருளோடு ஓட்டினால் ஒயரே சூடாகும். இந்த ஒயருக்குச் செலவழிக்க மனம் வராதவர் விலை உயர்ந்த கருவி வாங்க வேண்டாம்.

ஜூன் 24

"மின்சாரம் இப்படி என்றால் பேட்டரிக் கருவியே வாங்கிவிடலாமே?" நல்ல கேள்வி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி பேட்டரியில் 90 வாட் மணி இருக்கிறது. 1400 வாட் பாரத்தில் அது நான்கு நிமிடம்கூட நிற்காது. மரம் முழுநேரமும் அந்தப் பாரத்தைக் கேட்பதில்லை என்பதால் நடைமுறையில் கூடுதலாகவே வரும். இருந்தாலும் நாள் முழுக்க நிலைச்சட்டம் அறுக்க அது ஆகாது. திருகு முடுக்க, கீல் பொருத்த, பூட்டுக்குத் துளை போட, மின்சாரம் வராத புது வீட்டில் கதவு மாட்ட, பேட்டரி டிரைவருக்கு ஈடு எதுவும் இல்லை. நான் வைத்திருக்கிறேன், வெளிவேலைக்கு அது இல்லாமல் கிளம்புவதில்லை. பிரஷ் இல்லாத மோட்டார் உள்ளதாகப் பாருங்கள், கார்பன் மாற்றும் வேலை மிச்சம்.

ஒரு கம்பெனியின் பேட்டரி பெரும்பாலும் இன்னொரு கம்பெனிக் கருவியில் ஏறாது. முதல் பேட்டரிக் கருவியை எந்தக் கம்பெனியில் வாங்குகிறீர்களோ அடுத்ததையும் அதிலேயே வாங்கும்படி ஆகும், ஆகவே முதலாவதை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள்.

ஜூன் 29

பணத்துக்கு வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், ஒருவர் பாறசாலை, ஒருவர் அருமனை. இருவருக்கும் பதில் வேறு வேறு.

பாறசாலைக்காரர் கேரளத்தில் இருக்கிறார், அவருக்கு மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா இருக்கிறது. 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கியது. 18 தொழில்களில் தச்சும் உண்டு. பயிற்சியும், கருவி வாங்க 15,000 ரூபாய்க்கு மின்னணுச் சீட்டும் கிடைக்கும். பிறகு 5 சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சம், அதை ஒழுங்காகக் கட்டினால் அடுத்து இரண்டு லட்சம் வரை கடன்.

அருமனைக்காரர் தமிழ்நாட்டில் இருக்கிறார். விஸ்வகர்மா திட்டத்தை இப்போதுள்ள வடிவில் ஏற்க மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு 2024-இல் சொல்லிவிட்டு, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில்கள், மூன்று லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அது அதிகபட்சம் 50,000 ரூபாய், வட்டியில் 5 சதவீதம் வரை அரசு ஏற்கும். வயது 35 நிறைந்திருக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு 35 ஆகவில்லை என்று தனியாக எழுதியிருந்தார். அதைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. பட்டறை தொடங்குகிற வயதில் இருப்பவருக்குத்தானே கருவி வேண்டும்? 35 வயதில் ஓர் ஆசாரி எப்படியோ கருவிகளைச் சேர்த்திருப்பார். இந்த வயது வரம்பை இறக்க வேண்டும் என்று அடுத்த குறைதீர் நாளில் மனு கொடுக்க இருக்கிறேன். சேர்ந்து கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 3

ரூட்டர் வாங்கியவர் ஒருவர், "பிட் தானாகக் கீழே இறங்குகிறது, பள்ளத்தின் ஆழம் ஒரு முனையில் ஒரு மாதிரி, மறு முனையில் வேறு மாதிரி வருகிறது, ரூட்டர் குற்றமா?" என்கிறார்.

பிட்டின் (வெட்டும் முனையின்) காம்பை, அதாவது ரூட்டருக்குள் போகும் தண்டை அளந்து பாருங்கள். 6 மில்லிமீட்டர் காம்பும் இருக்கிறது, கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் காம்பும் இருக்கிறது. இரண்டும் ஒரே டப்பாவில் விற்பனைக்குக் கிடக்கின்றன. காம்பைப் பிடித்துக்கொள்ளும் குழல்தான் காலெட்; கால் அங்குலக் காலெட்டில் 6 மில்லிமீட்டர் காம்பை வைத்து முறுக்கினால் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று ஓடும்போது 0.35 மில்லிமீட்டர் இடைவெளி தன் வேலையைக் காட்டும். காம்பைக் கழற்றிப் பாருங்கள்: பளபளப்பு போய், வளையம் வளையமாகக் கருநீலக் கோடு விழுந்திருந்தால் அது வழுக்கிச் சுற்றிய அடையாளம். அந்தப் பிட்டைத் தூக்கிப் போடுங்கள். 12-க்கும் 12.7-க்கும் இதே கதைதான். காம்பு அடிவரை முட்டியதும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே இழுத்துவிட்டு முறுக்க வேண்டும். முட்டிய நிலையில் முறுக்கினால் காலெட் சரியாக இறுகாது.

ஜூலை 3, பிறகு

தூசி உறிஞ்சும் கருவி ஆடம்பரமா என்று கேட்டவருக்கு: ஆடம்பரம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. அந்தப் புற்றுநோய் வருவது மூக்கிலும், மூக்கை ஒட்டிய எலும்பறைகளிலும். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டினால் நுண்தூள் நிற்காது. முகக்கவசம் வாங்கி, வேலை செய்கிற எல்லாருக்கும் கொடுங்கள்.

ஜூலை 11

முதல் நாள் "முதலில் பிளேனர்" என்றேன். மார்த்தாண்டத்தில் ஒட்டுப்பலகை அலமாரி வேலை செய்யும் ஓர் அண்ணாச்சி, தன் பட்டறைக்கு அது பொருந்தாது என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. பெரும்பாவூர் ஒட்டுப்பலகை வாங்கி அறுத்துப் பொருத்துகிறவருக்குச் சீவ என்ன இருக்கிறது? அவருக்கு ரம்பமும், அது நேராக ஓட ஒரு வழிச்சட்டமும், 60 பல் பிளேடும்தான் முதலில். 24 பல் பிளேடு நீளவாக்கில் கட்டைமரம் கிழிக்க. அதை ஒட்டுப்பலகையில் ஓட்டினால் ஓரம் சிராய் சிராயாகப் பெயரும். நிலை, கதவு செய்கிறவருக்கு நான் சொன்ன வரிசை அப்படியே நிற்கும்.

தேக்கு அதிகம் அறுக்கிறவர்கள் பிளேடுக்குக் கூடுதலாகவே பணம் ஒதுக்குங்கள். தேக்கில் மணல்சத்து உண்டு, கூர் சீக்கிரம் மழுங்கும்.

ஜூலை 19

தம்பி பிளேனர் வாங்கிவிட்டார், நாகர்கோவிலில், ஜி.எஸ்.டி. எண் போட்ட பில்லோடு. மகிழ்ச்சி. ரம்பத்தை அடுத்த மாதத்துக்கு வைத்திருக்கிறாராம். இன்று அவர் கேட்டது: சீவும்போது சட்டத்தின் கடைசி முனையில் மட்டும் ஒரு பள்ளம் விழுகிறது.

பிளேடு பின்தட்டைவிட, அதாவது பிளேடுக்குப் பின்னால் இருக்கும் அடித்தட்டைவிட, உயர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எந்திரத்தைக் கவிழ்த்து வைத்து, நேராகச் சீவிய ஒரு சிறு மரத்துண்டைப் பின்தட்டின்மேல் முன்பக்கம் நீட்டியபடி வையுங்கள். பிளேடு பூட்டிய உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிளேடின் உச்சி துண்டைத் தொட்டும் தொடாமலும் உரசிப் போக வேண்டும். துண்டைத் தூக்கித் தள்ளினால் பிளேடு உயரம் கூடுதல். கடைசி முனையில் பள்ளம் விழுவது இதனால்தான். தொடவே இல்லையென்றால் தாழ்வு; அப்போது பள்ளம் தொடக்க முனையில் விழும். இடது ஓரம், வலது ஓரம் இரண்டிலும் பாருங்கள். இரண்டு பிளேடுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். கூர் போனால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்று புதிது ஒன்று பழையது என்று இருந்தால் உருளை அதிரும், பேரிங் போகும்.

பட்டை பெல்ட் ஒன்று உபரியாக இப்போதே வாங்கி வையுங்கள். கார்பன் பிரஷ்ஷும் ஒரு ஜோடி, கம்பெனி உறையில் இருப்பதாக. உதிரியாக டப்பாவில் கிடப்பதை வாங்காதீர்கள்; கார்பன் கெட்டியாக இருந்தால் ஆர்மேச்சரின் செம்பைத் தின்றுவிடும்.

உயரம் வைத்துப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். அப்போதும் பள்ளம் விழுந்தால் எந்திரத்தையும் அந்தச் சட்டத்தையும் என் பட்டறைக்கே கொண்டுவாருங்கள், குழித்துறை ஆற்றுப் பாலத்துக்குப் பக்கம்தான்.